கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே?

ஈராக் நாட்டில் பஸ்ரா என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து நாசிரியா என்ற ஊருக்குப் போகும் சாலையில் 32 கிலோ மீட்டர் சென்றால், பாலைவனத்தின் நடுவே பெரிய நினைவு மண்டபம் ஒன்றைக் காணலாம்.

முதல் உலகப் போர் 1914-ம் ஆண்டு தொடங்கியது. அந்தப் போரில் ஈராக் மண்ணில் உயிர் விட்டு, கல்லறைகூட இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்காக இந்த மண்டபம் கட்டப்பட்டது. 1929-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி இது திறந்து வைக்கப்பட்டது.

மண்டபத்தின் கல் பலகைகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்களை வரிசையாகச் செதுக்கினார்கள். இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் செதுக்கினார்கள். ஆனால் சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு வந்தபோது உளி நின்றுவிட்டது. இன்ன படைப் பிரிவு, அதில் இத்தனை பேர். அவ்வளவுதான். பெயர் இல்லை.

இப்படி வெறும் எண்ணாக மாறியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 30,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள்!

அவர்கள் ஒவ்வொருவருக்கும் தாய் தகப்பன் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தொட்டிலில் போட்டு, காதில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் பட்டாளத்தில் ஆளெடுத்தார்கள். சாகும் வரை பெயர் இருந்தது. செத்த பிறகு எண் ஆகிவிட்டது.

"நூறு வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கதை இன்னும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் குற்றத்துக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் 2021-ம் ஆண்டில் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயர்களைத் தேடும் வேலை அதன் பிறகே மும்முரமாக நடக்கிறது. போரில் மாண்டவருக்கு மரியாதை செய்வது என்றால் என்ன என்ற கேள்வி, மறுபடியும் உலகத்தின் முன்னால் வந்து நிற்கிறது.

யார் இவர்கள்?

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், எகிப்து, பாலஸ்தீனம், கிழக்கு ஆப்பிரிக்கா, ஈராக் என்று பல போர்முனைகளில் நின்றார்கள். ஈராக்குக்கு அந்தக் காலத்தில் மெசபடோமியா என்று பெயர். இந்தியர்கள் மிக அதிகமாகப் போனது அந்த முனைக்குத்தான்.

வெயில், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பசி இத்தனைக்கும் நடுவே அங்கே சண்டை நடந்தது. கூத் என்ற ஊரில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஒன்றைத் துருக்கியர் சுற்றி வளைத்தார்கள். 1915-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கிய முற்றுகை, 1916-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதிதான் முடிந்தது. உணவு தீர்ந்துபோய்ப் படை சரணடைந்தது. கைதிகளில் ஏராளமானோர் ஊர் திரும்பவே இல்லை.

நமது பக்கத்து ஆட்களும் அந்த முனையில் இருந்தார்கள். "மதராஸ் சாப்பர்ஸ்" என்று புகழ் பெற்ற பொறியியல் படையினர் அங்கே பணியாற்றினார்கள். பாதை போடுவதும், ஆற்றின் மேல் பாலம் போடுவதும் சாப்பர்களின் வேலை. எதிரி சுடும்போதும் அந்த வேலை நிற்காது.

ஒரு சாதாரண சிப்பாய்க்கு அப்போது மாதச் சம்பளம் 11 ரூபாய். அந்தப் பணம் ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி வார்த்தது. அந்தப் போரில் மாண்ட இந்தியர்கள் சுமார் 74,000 பேர்.

பிரான்சில் பெயர், ஈராக்கில் எண்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே இந்தியச் சிப்பாய் பிரான்சில் செத்திருந்தால், அவன் பெயர் கல்லில் ஏறியிருக்கும்!

பிரான்சில் நவ் சப்பேல் என்ற இடத்தில் 1915-ம் ஆண்டு மார்ச் மாதம் கடும் சண்டை நடந்தது. இந்தியப் படைகள் முன்னணியில் நின்று தாக்கின. அங்கே இந்தியர்களுக்கென்றே ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். 1927-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி அது திறக்கப்பட்டது. அதில் 4,700-க்கும் அதிகமான இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. சிப்பாய் முதல் அதிகாரி வரை எல்லோருடைய பெயரும் இருக்கிறது.

ராணுவமும் ஒன்றுதான், போரும் ஒன்றுதான். நினைவுச் சின்னம் கட்டிய கமிஷனும் ஒன்றுதான். பிரான்சில் பெயர் எழுத முடிந்தது. ஈராக்கில் மட்டும் ஏன் முடியவில்லை?

பிரான்ஸ் நான்கு பேர் வந்து பார்க்கும் இடம். ஐரோப்பா முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. பாலைவனத்துக்கு யார் வரப் போகிறார்கள்? இப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது.

கமிஷன் வகுத்த விதி

போரில் மாண்டவர்களுக்குக் கல்லறையும் நினைவுச் சின்னமும் அமைப்பதற்காக 1917-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி லண்டனில் ஒரு கமிஷன் ஏற்பட்டது. அதற்கு வித்திட்டவர் பேபியன் வேர் என்ற ஆங்கிலேயர். அந்தக் கமிஷன் இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைக் கமிஷன் என்ற பெயரில் இயங்குகிறது.

அது வகுத்துக்கொண்ட விதிகள் மிகவும் நேர்த்தியானவை. மாண்ட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நினைவுச் சின்னம் இருக்க வேண்டும். கல்லறை இருந்தால் அதன் கல்லில், இல்லாவிட்டால் பொதுவான நினைவு மண்டபத்தில். பதவி, இனம், மதம் என்று எந்த வேற்றுமையும் காட்டக் கூடாது. ஜெனரலுக்கும் ஒரே அளவு கல். சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்.

இதைப் பார்க்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் நந்தம்பாக்கத்துக்குப் போனால் போதும். அங்கே 1952-ம் ஆண்டில் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்டு, தென் இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் அங்கங்கே புதைக்கப்பட்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். புல்தரையில் வெண்மையான கற்கள் வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முதல் உலகப் போரில் மாண்டு, இந்தியாவின் வேறு இடங்களில் கிடப்பவர்கள் 1,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே ஒரு சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

விதியை உள்ளபடி நடத்தினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதற்கு நந்தம்பாக்கம் சாட்சி. ஆனால் விதியை எழுதிய கையே, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அதை மறந்துவிட்டது.

"அவர்களுக்குப் புரியாது!"

கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே பல இடங்களில் ரயில் இல்லை. நல்ல சாலை இல்லை. குதிரையும் மாடும் நோயில் மடிந்தன. எனவே மனிதர்களின் தலையில்தான் படையின் சுமை எல்லாம் ஏறியது. லட்சக் கணக்கான ஆப்பிரிக்க மக்கள் அரிசியும் குண்டும் சுமந்து காடு மேடெல்லாம் நடந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே விழுந்து செத்தார்கள்.

போர் முடிந்த பிறகு அவர்களுக்குத் தனித் தனிக் கல்லறை வேண்டாம் என்று முடிவாயிற்று. நைரோபி, மொம்பாசா, தாரெஸ்ஸலாம் ஆகிய மூன்று ஊர்களில் சிலைகள் மட்டும் வைத்தார்கள். சிலைக்குக் கீழே பெயர்கள் இல்லை.

காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? பிரிட்டிஷ் குடியேற்ற நாடு ஒன்றின் கவர்னர் 1923-ம் ஆண்டில் சொன்னார்: சாதாரண ஆப்பிரிக்கனுக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாதாம்!

படிக்கத் தெரியாதவனுக்குப் பெயர்ப் பலகை எதற்கு என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. நம் நாட்டிலும் அந்தக் காலத்தில் சிப்பாய்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முதியோர் பள்ளியில் சேரும் ஒருவர் முதலில் எதை எழுதப் பழகுகிறார்? தம் பெயரைத்தான். கைநாட்டு வைத்தவர் முதல் முறையாகக் கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெயர் என்பது எத்தனை பெரிய விஷயம் என்று! படிக்கத் தெரியாதவருக்குப் பெயரின் அருமை தெரியாது என்று சொன்னவருக்குத்தான் மனிதரைத் தெரியவில்லை.

தந்தையால் படிக்க முடியாவிட்டாலும் மகன் படிப்பான். பேரன் படிப்பான். கல் நூறு ஆண்டுகளுக்கு நிற்கும். அதைச் செதுக்கும்போது நூறு ஆண்டுகளை யோசிக்க வேண்டாமா?

மன்னிப்பு வந்தது எப்படி?

இந்த விஷயம் நீண்ட காலம் வெளியே தெரியாமலே இருந்தது. 2019-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு உறுப்பினர் டேவிட் லாமி ஆப்பிரிக்கா சென்று இதை ஆராய்ந்தார். அதைத் தொலைக்காட்சியில் படமாகவும் காட்டினார். ஜனங்கள் திடுக்கிட்டார்கள். கமிஷன் ஒரு குழுவை அமைத்து, தன் சொந்தப் பழைய கடிதங்களையும் கணக்குகளையும் தோண்டிப் பார்க்கச் சொன்னது.

2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அறிக்கை வந்தது. அதில் உள்ள விவரங்கள் வருமாறு:

இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர், மேற்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் ஆகியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக மதிக்கப்படவில்லை.

அது தவிர, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி எந்த நினைவுச் சின்னமும் இல்லை. இந்தத் தொகை 3,50,000 வரைகூடப் போகலாம். இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள்.

ஏப்ரல் 22-ந் தேதி பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பென் வாலஸ் பார்லிமெண்டில் எழுந்து நின்றார். கமிஷன் சார்பாகவும் சர்க்கார் சார்பாகவும் மன்னிப்புக் கேட்டார். இன வேற்றுமை எண்ணமும் இந்தத் தவறுக்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

மன்னிப்பு நல்லதுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டிய மனைவியும் மக்களும் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள்.

மாண்டவர் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைச் சொல்கிறார்கள் அல்லவா? ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 2 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! பெயர் எழுதாவிட்டால் கடைசியில் எண்ணிக்கையும் தெரியாமல் போகிறது.

தேடினால் கிடைக்கிறது

"இத்தனை ஆண்டுக்குப் பிறகு பெயர்களுக்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கிறார்கள். கஷ்டம்தான். பல ஏடுகள் அழிந்துவிட்டன. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். சுமை தூக்கியவர்களில் பலருடைய ஊர்கூடச் சரியாகக் குறிக்கப்படவில்லை.

ஆனாலும் தேடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

முதல் உதாரணம், இங்கிலாந்தில் உள்ள பிரைட்டன் நகரம். போர்க் காலத்தில் அங்கே அரண்மனை ஒன்றை இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். சிகிச்சை பலிக்காமல் இறந்த இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சலவைக்கல்லில் "சத்திரி" என்ற அழகான குடை மண்டபம் எழுந்தது. 1921-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி அது திறக்கப்பட்டது. ஆனால் 53 பேரின் பெயர்கள் அங்கே இல்லை. 2010-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்தான் கமிஷன் அந்த இடத்துக்கு அருகில் 53 பெயர்களையும் கல்லில் பொறித்து வைத்தது. இங்கிலாந்து மண்ணிலேயே, 53 பெயர்களை எழுத 89 ஆண்டுகள்!

இரண்டாவது உதாரணம் லாகூர். பாகிஸ்தானில் உள்ள லாகூர் கண்காட்சி சாலையில் 26,000 பக்கங்கள் கொண்ட பழைய ஏடுகள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பஞ்சாபிலிருந்து போன 3,20,000 பேரின் விவரம் அவற்றில் இருக்கிறது. ஊர் வாரியாக, தகப்பன் பெயருடன், படைப் பிரிவுடன் எழுதியிருக்கிறார்கள். சுமார் நூறு ஆண்டுகள் அவற்றை யாரும் பயன்படுத்தவில்லை. இங்கிலாந்தில் உள்ள கிரீனிச் பல்கலைக்கழகமும், பஞ்சாபியர்களின் சங்கம் ஒன்றும் சேர்ந்து, 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் பகுதியை இணையத்தில் ஏற்றின. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பேரப் பிள்ளைகள், தங்கள் பாட்டனாரின் ஊரையும் பெயரையும் அதில் தேடத் தொடங்கினார்கள்.

பெயர் இல்லாமல் போகவில்லை. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது!

மூன்றாவது உதாரணம் தென் ஆப்பிரிக்கா. அங்கே கேப் டவுன் நகரில் 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு புதிய நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் இளவரசி ஆன் திறந்து வைத்தார். முதல் உலகப் போரில் துப்பாக்கி தரப்படாமல், சுமை தூக்கியும் பாதை போட்டும் மாண்ட 1,700-க்கும் மேற்பட்ட கறுப்பு இன மக்களின் நினைவுச் சின்னம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு மரத் தூண். ஒவ்வொரு தூணிலும் ஒரு பெயர்.

மனம் இருந்தால் எழுதலாம் என்பதற்கு இன்னும் ஒரு சாட்சி, பர்மாவில் ரங்கூனுக்கு அருகே உள்ள தவுக்கியான் நினைவு மண்டபம். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் மாண்டு, கல்லறை இல்லாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அங்கே தூண்களில் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். 1958-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. பஸ்ராவில் முடியாது என்றது, முப்பது ஆண்டுக்குள் பர்மாவில் முடிந்திருக்கிறது.

நாய்க்கும் பெயர் எழுதிய நாடு

வீரனின் பெயரைக் கல்லில் எழுதுவது நமக்குப் புதிய வழக்கம் அல்ல. ஆநிரையைக் காத்து மாண்டவனுக்கு நடுகல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறிப்பது தமிழர் மரபு. சங்கப் பாடல்களே இதைச் சொல்கின்றன.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ம் ஆண்டு சில நடுகற்கள் கிடைத்தன. 2,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றில் ஒன்று, ஆநிரைச் சண்டையில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். அந்தவன் அரசன் அல்ல, தளபதி அல்ல. நம்மைப் போல ஒருவன். ஆனால் அவன் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது.

இதைவிட அதிசயம் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் அது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்தியது. மாடுகளைக் காக்கப் போராடி மாண்டவன் கருந்தேவக்கத்தி. அவனோடு ஒரு நாய் இருந்தது. அது திருடர் இருவரைக் கடித்து நின்றது. அந்த நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. அதன் பெயரும் இருக்கிறது. கோவிவன்!

கிராமத்து மக்கள் ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடாமல் செதுக்கினார்கள். உலகை ஆண்ட சாம்ராஜ்யம், 30,000 மனிதரின் பெயரைச் செதுக்க இடமில்லை என்றது. எது நாகரிகம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

அடுத்தவரை மட்டும் குறை சொல்லி முடித்துவிடக் கூடாது. நம் வீட்டையும் பார்க்க வேண்டும்.

டெல்லியில் "இந்தியா கேட்" என்ற உயர்ந்த வளைவு இருக்கிறது. 1931-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி திறக்கப்பட்டது. முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் மாண்ட 70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்காக எழுந்த வளைவு அது. அதில் பொறித்துள்ள பெயர்கள் சுமார் 13,000 மட்டுமே.

அப்போது நம் நாட்டின் பல ஊர்களில் ஒரே மாதிரியான கல்வெட்டுகளைப் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் விட்டவர் இத்தனை பேர் என்று மட்டும் அவற்றில் இருக்கும். வேலூர் கடைவீதி மணிக்கூண்டிலும் அப்படி ஒரு கல் உண்டு. போனவர் 277 பேர். உயிர் விட்டவர் 14 பேர். யார் அந்த 14 பேர்? எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளைகள்? கல் சொல்லவில்லை. 14 பெயர்களை எழுத எவ்வளவு இடம் வேண்டும்?

சுதந்திரத்துக்குப் பிறகு மாண்ட வீரர்களுக்காக தேசியப் போர் நினைவுச் சின்னம் அமைக்க வேண்டும் என்ற யோசனை 1960-ம் ஆண்டிலேயே வந்தது. அது டெல்லியில் எழுந்து திறக்கப்பட்டது 2019-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி. தாமதம்தான். ஆனால் வேலையைச் செம்மையாகச் செய்திருக்கிறார்கள். திறப்பு விழா அன்றே 25,942 வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொன் எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. காஷ்மீர்ப் போர், சீனப் போர், பாகிஸ்தான் போர்கள், கார்கில் போர் என்று எல்லாவற்றிலும் மாண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1972-ம் ஆண்டு முதல் இந்தியா கேட்டில் எரிந்த அமர் ஜவான் ஜோதியும், 2022-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி இங்குள்ள ஜோதியோடு சேர்க்கப்பட்டது.

கார்கில் போரில் 1999-ம் ஆண்டு மே 29-ந் தேதி வீர மரணம் அடைந்த மேஜர் சரவணனை நம் மக்களுக்குத் தெரியும். திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பள்ளிப் பிள்ளை அந்தப் பெயரைப் படிக்கிறான். "யார் இவர்?" என்று கேட்கிறான். பெயர் இருப்பதால்தான் கேள்வி பிறக்கிறது. எண்ணைப் பார்த்து யாரும் "யார் இவர்?" என்று கேட்பதில்லை.

வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களா?

இங்கே ஒரு கேள்வி எழும். இரண்டு உலகப் போர்களில் செத்தவர்கள் வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டார்கள்? சுதந்திர இந்தியா அவர்களை ஏன் நினைக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். அந்தப் போர்களை நம் மக்கள் கேட்டு வாங்கவில்லை. இந்தியாவைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள். அதை நாம் போற்ற வேண்டியதில்லை.

ஆனால் போரைத் தொடங்கியவன் வேறு. அதில் மாண்டவன் வேறு. வயிற்றுப்பாட்டுக்காகச் சேர்ந்தவன், குடும்பக் கடனுக்காகச் சேர்ந்தவன், ஊர்ப் பெரியவர் வற்புறுத்திச் சேர்ந்தவன், பட்டாளத்தை மானமாக நினைத்துச் சேர்ந்தவன் என்று எத்தனையோ விதம். எல்லோரும் நம் மண்ணின் பிள்ளைகள். ஆண்டவன் அந்நியன் என்பதற்காக, அழுத தாய் அந்நியள் ஆகிவிடுவாளா?

அந்நிய சர்க்கார் அவர்களை எண்ணாக்கியது. அந்நியருக்காகச் செத்தவர்கள் என்று சொல்லி நாமும் ஒதுக்கினால், அவர்கள் இரண்டு முறை தொலைந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஆண்டவனும் இல்லை, நாடும் இல்லை என்று ஆகிவிடும். இது தகுமா?

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியங்களை சர்க்கார்கள் செய்யட்டும். ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய சிறிய காரியங்கள் சில இருக்கின்றன.

உங்கள் குடும்பத்தில் பாட்டனாரோ, கொள்ளுப் பாட்டனாரோ, பெரியப்பாவோ பட்டாளத்தில் இருந்திருக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், படைப் பிரிவு, எந்த நாட்டுக்குப் போனார், திரும்பி வந்தாரா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

பெட்டியின் அடியில் பழைய பதக்கமோ, பட்டாளத்திலிருந்து விடுவித்த காகிதமோ கிடந்தால், பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதல் உலகப் போரின் பதக்கங்களில் பலவற்றின் விளிம்பில் சிப்பாயின் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். பஸ்ராவின் கல் சொல்லாத பெயரை அந்தப் பதக்கம் சொல்லக்கூடும்.

காமன்வெல்த் போர்க் கல்லறைக் கமிஷனின் இணையதளத்தில் மாண்டவர்களின் பெயர்களைக் கட்டணம் இல்லாமல் தேடலாம். பஸ்ராவில் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியலும் இப்போது ஏட்டில் இருக்கிறது. ஊரில் இணையம் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் போதும்.

உங்கள் ஊரில் பெயரில்லாத பழைய போர்க் கல் இருந்தால், அதன் மேல் சுவரொட்டி ஒட்ட விடாதீர்கள். அந்த எண்ணுக்கு உரிய பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் கேட்டுத் திரட்டுங்கள். கிடைத்த பெயர்களை அந்தக் கல்லின் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ந் தேதி கொடி நாள். 1949-ம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அன்று உண்டியலில் விழும் காசு, மாண்ட வீரரின் குடும்பத்துக்கும் ஊனமுற்ற வீரருக்கும் முன்னாள் படையினருக்கும் போகிறது. மாண்டவருக்குப் பெயர் எழுதுவதும், அவர் விட்டுச் சென்றவர்களைக் காப்பாற்றுவதும் ஒரே மரியாதையின் இரண்டு பாதி.

மாலை போடலாம். பீரங்கி முழங்கலாம். இரண்டு நிமிஷம் மௌனம் காக்கலாம். எல்லாம் நல்லதே. ஆனால் யாருக்காக மௌனம் காக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு பெயர்.

பஸ்ராப் பாலைவனத்தில் எண்ணாக நிற்பவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கலாம். அவர்கள் பெயரை உரக்கப் படிக்கத் தெரிந்த தலைமுறை இப்போது வந்திருக்கிறது. இனியும் அவர்களை எண்ணாகவே விட்டு வைக்கலாமா?